‘டிஸ்கஸ் அபௌட்’ யார் செய்த குற்றம்?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிடும் என்பது நம் பக்கத்துப் பெற்றோரில் ஒரு சாராரின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-லும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லும் தொடங்கப்பட்டவை. அந்தப் பள்ளிகளோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அவற்றை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் தாங்களாகக் கட்டிக்கொண்ட சித்தாந்தத்தோடுதான் வழக்கு. மலைமேல் பிள்ளையின் காதில் தமிழ் விழாது, ஆகவே ஆங்கிலம் சுத்தமாக வரும். கீழே படிக்கிற பிள்ளை தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறது, ஆகவே தப்பும் தவறுமாக எழுதுகிறது. சித்தாந்தம் இவ்வளவுதான். தமிழ் பேசினால் அபராதம் என்று நடத்துகிற எத்தனையோ பள்ளிகளின் அஸ்திவாரமும் இதுதான்.

இந்தக் கட்சிக்காரர்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது பெரும்பாலும் ஒரே ஆளை. அது பிரிபொசிஷன். அதிலும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற பிரிபொசிஷன். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லை ஒரு செயலோடு கோக்க முக்கியமாக இரண்டு வழி உண்டு. ‘டு’ போட்டு வினையை அப்படியே வைக்கலாம்: ‘அட்டெம்ப்ட் டு கிளைம்ப்’. அல்லது ‘இன்’, ‘ஆஃப்’, ‘ஃபார்’ போல ஒன்றைப் போட்டு வினையோடு ‘இங்’ சேர்க்கலாம்: ‘டிஃபிகல்ட்டி இன் கிளைம்பிங்’. எந்தப் பெயருக்கு எந்த வழி என்பதில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ‘டிஃபிகல்ட்டி டு கிளைம்ப்’ என்று எழுதுகிறார்கள், ‘பாசிபிலிட்டி டு கோ’ என்று எழுதுகிறார்கள். ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: “தமிழ்ல யோசிக்காதே.”

தமிழில் யோசித்திருந்தால் அந்தப் பிள்ளை முதலாவதைச் சரியாகவே எழுதியிருக்கும் என்பது என் கட்சி.

‘ஏறுவதில் சிரமம்’ என்கிறது தமிழ். ஏழாம் வேற்றுமை ‘இல்’ அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘இன்’ உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்தான். அதே சிரமத்தை ‘ஆக’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: ‘ஏறச் சிரமமாக இருக்கிறது’. இப்போது ‘இல்’ போய்விட்டது, செயவென் எச்சம் வந்துவிட்டது. ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘டிஃபிகல்ட்டி இன் கிளைம்பிங்’, பெயரடையாக மாறினால் ‘டிஃபிகல்ட் டு கிளைம்ப்’. பிள்ளை ‘டிஃபிகல்ட்டி டு கிளைம்ப்’ என்று எழுதியபோது அதன் காதில் ஒலித்தது எது? ஆங்கிலத்திலேயே பக்கத்து வீட்டில் இருக்கிற ‘டிஃபிகல்ட் டு’. பேச்சில் ‘ஏறுவதற்குச் சிரமம்’ என்றும் நாம் சொல்வதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் தமிழைக் குற்றவாளி ஆக்க அது போதாது. ‘டிஃபிகல்ட் டு’ என்ற ஆள் அந்த இடத்தில் நடமாடியதற்கு அதைவிட வலுவான தடயம் இருக்கிறது.

இந்த ஒற்றுமை ஏதோ ஒரு சொல்லில் தற்செயலாக விழுந்ததும் இல்லை. படிப்பதில் ஆர்வம், கற்பிப்பதில் அனுபவம், பதில் போடுவதில் தாமதம் என்று நாம் ‘இல்’ வைக்கிற இடங்களில் ஆங்கிலம் ‘இன்ட்ரஸ்ட் இன்’, ‘எக்ஸ்பீரியன்ஸ் இன்’, ‘டிலே இன்’ என்று ‘இன்’ வைக்கிறது. போக அனுமதி, பேச ஆசை, தர மறுப்பு என்று நாம் எச்சம் வைக்கிற இடங்களில் அது ‘பெர்மிஷன் டு’, ‘டிசையர் டு’, ‘ரெஃப்யூசல் டு’ என்று ‘டு’ வைக்கிறது. எல்லாச் சொல்லும் இப்படிப் பொருந்தும் என்று நான் சொன்னால் நானும் ஒரு சித்தாந்தக்காரன் ஆகிவிடுவேன். பொருந்துகிற இடம் கணிசமாக இருக்கிறது. அதை வகுப்பில் யாரும் காட்டுவதில்லை. காட்ட முடியாது, அங்கே தமிழ் பேசினால் அபராதம்.

பெயர்ச்சொல் தனக்குரிய உருபைத் தானே தேர்ந்தெடுக்கும் என்பதும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிய சங்கதி அல்ல. கோபம் ஒருவர் ‘மேல்’ வருகிறது, மரியாதை ஒருவர் ‘இடம்’ இருக்கிறது, சண்டை ஒருவ‘ரோடு’, நன்றி ஒருவ‘ருக்கு’, கவலை ஒருவரைப் ‘பற்றி’. ஐந்து வயதில் இதையெல்லாம் பிழையில்லாமல் சொல்கிற பிள்ளைக்கு யார் பட்டியல் கொடுத்தார்கள்? ஓர் உருபு வரவேண்டிய இடத்தில் இன்னோர் உருபு வந்து நிற்பதைப் பேசத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று தனி இயலே வைத்திருக்கிறார். இந்த விஷயத்தில் இவ்வளவு பழைய அனுபவம் உள்ள ஒரு மொழியைப் பார்த்து, “நீ வெளியே நில்லு, உள்ளே பிரிபொசிஷன் பாடம் நடக்கிறது” என்கிறோம்.

இனி தலைப்பில் இருக்கிற குற்றத்துக்கு வருவோம். வங்கித் தேர்வுப் பயிற்சி மையங்களில் பிழை கண்டுபிடிக்கிற வகுப்பு என்றால் ‘டிஸ்கஸ் அபௌட்’ இல்லாமல் நடக்காது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘அபௌட்’ கூடாது. மாணவன் போட்டுவிடுகிறான். காரணம் கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில் உண்டு: தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம் இல்லையா, அந்தப் ‘பற்றி’தான் ‘அபௌட்’ ஆகிவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டால் வழக்கு முடிந்தது.

நிறுத்தக் கூடாது. அதே மாணவன் செய்கிற மற்றப் பிழைகளையும் வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். ‘எம்ஃபசைஸ்டு ஆன் டிசிப்ளின்’ என்று எழுதுகிறான். தமிழில் ‘ஒழுக்கத்தை வலியுறுத்தினார்’. இரண்டாம் வேற்றுமை, ‘மேல்’ என்ற பேச்சே இல்லை. தமிழைப் பார்த்து எழுதியிருந்தால் ‘ஆன்’ போட்டிருக்க மாட்டான், விடை சரியாக வந்திருக்கும். ‘ஆர்டர்டு ஃபார் டூ காஃபீஸ்’ என்கிறான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று ‘ரெண்டு காப்பி சொல்லியிருக்கேன்’ என்கிற தமிழில் ‘ஃபார்’ எங்கே இருக்கிறது? ‘ஹி லேக்ஸ் ஆஃப் கரேஜ்’ என்கிறான். ‘அவனுக்குத் தைரியம் போதாது’ என்ற வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘ஆஃப்’ உதிராது. ‘டிமாண்டட் ஃபார் ஹையர் வேஜஸ்’ என்பதும் அப்படித்தான். காப்பித் தோட்டத்தில் ‘கூலி உயர்வு கேட்டாங்க’ என்பார்கள். கேட்கப்பட்ட பொருளுக்கு அங்கே உருபே கிடையாது.

அப்படியானால் இந்த ‘ஆன்’, ‘ஃபார்’, ‘ஆஃப்’ எல்லாம் எங்கிருந்து வந்தன? ஆங்கிலப் பெயர்ச்சொல்லிலிருந்து. ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி. ‘ஆர்டர் ஃபார்’ சரி. ‘டிமாண்ட் ஃபார்’ சரி. ‘லேக் ஆஃப்’ சரி. ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி. ‘ரிக்வெஸ்ட் ஃபார்’, ‘இன்ஃப்ளுயன்ஸ் ஆன்’, ‘ரிசெம்ப்ளன்ஸ் டு’, ‘அப்ரோச் டு’ எல்லாமே பெயராக இருக்கும்போது சரி. வினையாக மாறியதும் ஆங்கிலம் அந்தப் பிரிபொசிஷனைக் கழற்றி வைத்துவிடுகிறது. அதிலும் ‘ஆர்டர்’, ‘டிமாண்ட்’, ‘லேக்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘அப்ரோச்’ ஆகியவை பெயராக இருந்தாலும் வினையாக இருந்தாலும் உருவம் மாறாதவை. ஒரே முகம், ஒரே சட்டை. ஒரு வேளை ‘ஃபார்’ வேண்டும், மறுவேளை கூடாது. பெயரில் கற்ற சேர்க்கையைப் பிள்ளை வினைக்கும் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் ஆங்கிலம் கற்ற பிறகு மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. ‘எம்ஃபசிஸ் ஆன்’ என்பதைக் கேட்டே இராத பிள்ளைக்கு ‘எம்ஃபசைஸ்டு ஆன்’ என்று எழுத வழியில்லை.

நம் ஊர் மாணவர்கள் மட்டும் இப்படி எழுதுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நைஜீரிய ஆங்கிலத்திலும் மலேசிய ஆங்கிலத்திலும் ‘டிஸ்கஸ் அபௌட்’ சர்வசாதாரணம். வெவ்வேறு தாய்மொழி பேசுகிற ஐரோப்பியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தை வியன்னாவில் ஆராய்ந்த பார்பரா சைடில்ஹோஃபர், தேவையில்லாத பிரிபொசிஷனைச் சேர்ப்பதை அந்த ஆங்கிலத்தின் பொதுப் பண்புகளில் ஒன்றாக 2004-இல் எழுதியிருக்கிறார். அவர்கள் யாரும் தமிழில் யோசிக்கவில்லை.

இந்த வாதத்தை ஒருமுறை ஏற்காடு ஏரிக்கரையில் சேலத்துக்காரர் ஒருவரிடம் வைத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். பையனை மலைப் பள்ளியில் சேர்க்க இடம் பார்க்க வந்திருந்தார். “அதெல்லாம் சரிங்க சார், வீட்ல தமிழ்லயே பேசிட்டிருந்தா இங்கிலீஷ் எப்படிங்க வரும்? என்னையே எடுத்துக்கோங்க, பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், ஒரு வரி வராது.” லீவ் லெட்டர் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். “அது மறக்குமாங்க?” என்று நிமிர்ந்து நின்று ஆரம்பித்தார். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல். ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்.’ பள்ளியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் ஓரிடத்தில்கூட அவர் தடுமாறவில்லை.

அந்த இரண்டு வாக்கியத்தை உடைத்துப் பாருங்கள். ‘சஃபர்’ என்பதற்கு ‘ஃப்ரம்’, ‘ஏபிள்’ என்பதற்கு ‘டு’, ‘ரிக்வெஸ்ட் யூ’ என்பதற்கு ‘டு’, ‘லீவ்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘ஃபார்’. நான்கும் சரி. (‘ஸ்கூல்’ முன்னால் வந்த ‘தி’ வேறு பஞ்சாயத்து, விட்டுவிடுவோம்.) இதில் ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ ஒன்றே என் எதிர்க்கட்சியைக் கவிழ்க்கப் போதும். தமிழில் நாம் காய்ச்சலி‘லிருந்து’ அவதிப்படுவதில்லை, காய்ச்ச‘லால்’ அவதிப்படுகிறோம். தமிழ்தான் பிரிபொசிஷனைக் கெடுக்கிறது என்றால் தமிழ் வழியில் படித்தவர்களின் லீவ் லெட்டர்களில் ‘சஃபரிங் பை ஃபீவர்’ குவிந்திருக்க வேண்டும். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த பையனும் ‘ஃப்ரம்’ என்றுதான் எழுதினான். ஏனென்றால் அவன் ‘சஃபரிங்’ என்று ஒரு சொல்லையும் ‘ஃப்ரம்’ என்று இன்னொரு சொல்லையும் தனித்தனியாகக் கற்கவில்லை. ‘சஃபரிங்ஃப்ரம்ஃபீவர்’ என்று ஒரே மூச்சில் ஒரே சொல்லாகக் கற்றான். இலக்கணத்துக்குள் போகவே இல்லை. தமிழ் குறுக்கே வர அங்கே இடுக்கும் இல்லை.

பழைய அரசாங்க அலுவலகக் குமாஸ்தாக்களும் இப்படித்தான். பள்ளி இறுதி வகுப்போடு வேலைக்கு வந்து, வீட்டிலும் ஆபீசிலும் தமிழே பேசி ரிட்டயர் ஆனவர்கள். ‘வித் ரெஃபரன்ஸ் டு’, ‘இன் கண்டினியுவேஷன் ஆஃப்’, ‘இன் அக்கார்டன்ஸ் வித்’, ‘இன் லியூ ஆஃப்’ என்று அவர்கள் கோப்பில் எழுதிய பெயர்ச்சொல் சேர்க்கைகளில் பிழை காண்பது அரிது. பேசச் சொன்னால் திணறுவார்கள், அது நிஜம். ஆனால் நாம் இப்போது விசாரிக்கிற குற்றம் பேச்சுத் திணறல் அல்ல.

எதிர்க்கட்சியில் இன்னொரு பிரிவு உண்டு. இவர்கள் அபராதக்காரர்கள் அல்லர், விதிக்காரர்கள். ‘ரூல்’ தெரிந்தால் பிழை வராது என்பார்கள். இவர்களுடைய வேதம் ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கணம். 1930-களில் வந்தது, இன்றும் நம் கடைகளில் விற்கிறது. அதைத் திறந்து பார்த்தால் இந்த விஷயத்துக்கு விதி என்று ஒன்று இருக்காது. ‘ஃபார்’ எடுக்கும் பெயர்ச்சொற்கள், ‘வித்’ எடுக்கும் பெயர்ச்சொற்கள், ‘ஆஃப்’ எடுக்கும் பெயர்ச்சொற்கள் என்று பட்டியல்தான் இருக்கும். அந்த ஆசிரியர்கள் நேர்மையானவர்கள், விதி இல்லாத இடத்தில் விதி சொல்லவில்லை. விதியாக்கியது நம் டியூஷன் மாஸ்டர்கள்.

அவர்கள் சொல்கிற பிரபலமான விதி இது: இனி நடக்கப் போகிற செயல் என்றால் ‘டு’, நடந்துகொண்டிருப்பது அல்லது பழக்கம் என்றால் ‘ஆஃப்’, ‘இன்’. ‘பிளான் டு’, ‘டிசிஷன் டு’, ‘பிராமிஸ் டு’ என்று நாலு உதாரணத்துக்கு அழகாக நடக்கும். அப்புறம் ‘ரிஸ்க் ஆஃப் ஃபாலிங்’ வரும். இன்னும் யாரும் விழவில்லை, ஆனாலும் ‘ஆஃப்’. ‘ஹோப்’ வினையாக இருந்தால் ‘ஹோப் டு வின்’. பெயரானால் பெரும்பாலும் ‘ஹோப் ஆஃப் வின்னிங்’. ஜெயிப்பது இரண்டிலும் எதிர்காலம்தான். ‘ஏபிள்’ என்றால் ‘டு’, ‘கேப்பபிள்’ என்றால் ‘ஆஃப்’. இரண்டுக்கும் அகராதியில் ஒரே பொருள் போட்டிருக்கும். ‘ரெஃப்யூசல் டு கோ’ என்பார்கள், ‘அப்ஜெக்ஷன் டு கோயிங்’ என்பார்கள். இரண்டிலும் போக மனமில்லை, இரண்டிலும் ‘டு’ இருக்கிறது, ஆனால் ஒன்றில் ‘கோ’, மற்றதில் ‘கோயிங்’.

இந்தக் கடைசிச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு, அது நமக்குச் சாதகமானது. பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில், வினைக்கு முன் வரும் இந்த ‘டு’வும் பிரிபொசிஷனாகவே இருந்தது. அதற்குப் பின்னால் வந்த வினை, நான்காம் வேற்றுமை ஈறு ஏற்ற தொழிற்பெயர் போல நின்றது. நம் ‘செய்வதற்கு’ எப்படியோ ஏறக்குறைய அப்படி. காலப்போக்கில் ஈறு உதிர்ந்து ‘டு’ மட்டும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. ‘அப்ஜெக்ஷன்’ என்பதோடு வரும் ‘டு’ பிரிபொசிஷனாகவே நின்றுவிட்டது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ‘டு’க்கள் இப்படித்தான் உண்டாயின. ‘செய்ய’, ‘செய்வதற்கு’ என்ற இரண்டையும் அன்றாடம் புழங்குகிற தமிழ்ப் பிள்ளைக்கு இதை ஐந்து நிமிஷத்தில் விளக்கலாம். தமிழையே அனுமதிக்காத வகுப்பில் எந்த மொழியை வைத்து விளக்குவது?

வினைச்சொற்களின் சேர்க்கையைப் பற்றி ஆங்கிலக்காரர்கள் சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, அங்கே 1942-இல் வெளிவந்து பிறகு 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்த அகராதியில் வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்துக் காட்டினார். பெயர்ச்சொல்லுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்க நெடுநாள் ஆயிற்று. பெயர்களுக்கும் பெயரடைகளுக்கும் என்று தனி அமைப்பு நூலை கோபில்ட் அகராதிக் குழுவைச் சேர்ந்த ஃபிரான்சிஸ், ஹன்ஸ்டன், மேனிங் மூவரும் 1998-இல்தான் கொண்டுவந்தார்கள். கணினியில் சேர்த்த ஆங்கில உரைக் குவியலை அலசி அவர்கள் கண்டது, ஒரே சேர்க்கையை ஏற்கும் சொற்கள் பொருளாலும் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன என்பது. அதைப் பிள்ளை கண்டுகொள்ளலாம், நாமும் காட்டலாம். ஆனால் கூட்டம் என்பது விதி ஆகாது. எந்தச் சொல் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

என் கட்சிக்கு எதிரான ஒரு நல்ல சாட்சியையும் நானே கூப்பிடுகிறேன். ‘பாசிபிலிட்டி டு கோ’ என்று முதலில் சொன்னேனே, அதில் தமிழுக்குப் பங்கு உண்டு. ‘வாய்ப்பு’ என்ற ஒரு சொல்லை வைத்து நாம் ஆங்கிலத்தின் இரண்டு மூன்று சொற்களைச் சமாளிக்கிறோம். ‘சேலம் மாவட்டத்தில் கனமழை பெய்ய வாய்ப்பு’ என்கிறது வானிலை அறிக்கை. ‘மேடையில் பாட வாய்ப்பு’ என்கிறான் பாட்டுக்காரன். முதலாவது நிகழக்கூடும் என்ற பொருள். ஆங்கிலத்தில் ‘பாசிபிலிட்டி ஆஃப்’, ‘சான்ஸ் ஆஃப்’. இரண்டாவது கிடைத்த சந்தர்ப்பம். ‘ஆப்பர்ச்சூனிட்டி டு’, ‘சான்ஸ் டு’. தமிழில் இரண்டுக்கும் ‘பெய்ய’, ‘பாட’ என்று எச்சம் வருவதால் பிள்ளை ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ‘டு’ போட்டுவிடுகிறது. ஒப்புக்கொள்கிறேன், இது தமிழ் வழி வந்த பிழை. (ஜெர்மானியர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள், அவர்கள் மொழியிலும் அந்த இடத்தில் எச்சம்தான் வரும்.)

ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வது? நான் மேலே செய்ததைத்தான். ‘வாய்ப்பு’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, மழை வாய்ப்பு வேறு, மேடை வாய்ப்பு வேறு என்று தமிழிலேயே பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சேர்க்கையைப் பக்கத்தில் எழுத வேண்டும். தமிழால் வந்த பிழையைத் தீர்க்கவும் தமிழ்தான் தேவைப்படுகிறது. தடை போட்டால் ‘வாய்ப்பு’ பிள்ளையின் மண்டைக்குள் இருந்துகொண்டே வேலை செய்யும். வெளியே வந்து மாட்டிக்கொள்ளாது.

தாய்மொழியைத் தள்ளிவைத்தால்தான் ஆங்கிலம் வரும் என்பது நம் ஊரில் முளைத்த எண்ணமும் அல்ல. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தைக் கொண்டு மட்டுமே கற்பிப்பது சிறந்தது என்ற கொள்கை அங்கே உருப்பெற்ற பொய்ப் பிரமாணங்களில் ஒன்று என்று மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் எழுதினார். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அந்த மாநாட்டுக் காலத்தில் மக்கரேரேயில் மாணவர். பள்ளியில் தாய்மொழி பேசிப் பிடிபட்ட பிள்ளைகளின் கழுத்தில் உலோகத் தகடு தொங்கவிட்டதை அவர் பிற்காலத்தில் எழுதினார். அந்தத் தகடு நம் ஊரில் ஐந்து ரூபாய் அபராதமாகவும் ‘ஐ வில் நாட் ஸ்பீக் இன் டமில்’ என்று நூறு தடவை இம்போசிஷனாகவும் உருமாறியிருக்கிறது.

“ஆனா மலைப் பள்ளிப் பசங்க நல்லா எழுதறாங்களே” என்பதுதான் கடைசியில் எல்லோரும் ஒதுங்கும் நிழல். நன்றாக எழுதுகிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், உண்மை. விடுதிப் பிள்ளைக்கு விடிந்தது முதல் படுக்கும் வரை ஆங்கிலம் காதில் விழுகிறது. நூலகம் இருக்கிறது, கதைப் புத்தகம் படிக்க நேரம் இருக்கிறது, நாடகம் போடுகிறார்கள். ‘இன்ட்ரஸ்ட் இன்’ என்ற சேர்க்கை வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை கண்ணிலும் காதிலும் படுகிறது. பெயர்ச்சொல்லும் அதன் துணையும் மனதில் ஒட்டுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. பலன் கொடுத்தது அங்கே இருந்த ஆங்கிலம். இல்லாமல் போன தமிழுக்கு அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுக்கிறோம்; அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

சந்தேகம் இருந்தால் அதே சேர்வராயன் மலையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. படிப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, இவர்கள் பேசுவது மலைக்கே உரிய ஒரு தமிழ். அவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள். விடுதி உண்டு, குளிர் உண்டு, உயரமும் அதேதான். ஆங்கிலப் புத்தகம் மட்டும் பாடப் புத்தகத்தைத் தாண்டி வருவது அபூர்வம். வீட்டில் பேசுகிற தமிழே ‘கொச்சை’ என்று ஒருமுறை திருத்தப்பட்ட பிள்ளை அது. தமிழ்நாடு அரசு 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கியது. நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். அப்படி ஒரு பிரிவில் உட்கார்ந்து, புரியாததைக் கேட்க ஒரு மொழியும் இல்லாமல் இருக்கிற பிள்ளையிடம் போய் “தமிழ்ல யோசிக்காதே” என்றால், ‘யோசிக்காதே’ என்பதுதான் அதன் காதில் விழும்.

சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளை நம்பிச் செய்த முயற்சியும் நம் பக்கத்தில் உண்டு. 1979 முதல் 1984 வரை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும், மொழி கூடவே சேரும் என்பது அவர் கொள்கை. அதை முழுக்க ஏற்காதவர்கள் உண்டு. சேர்க்கையைக் கொஞ்சம் சுட்டிக்காட்டவும் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பணக்காரப் பள்ளிகளைத் தேடிப் போகாமல், நம் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளால் முடியும் என்று நம்பித் தொடங்கிய வேலை அது.

சுட்டிக்காட்டுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ‘டிஃபிகல்ட்டி – சிரமம்’ என்று நோட்டில் எழுத வைக்கிறோமே, அதை ‘டிஃபிகல்ட்டி இன் – செய்வதில் சிரமம்’ என்று எழுத வைக்கலாம். ‘ஹேபிட் ஆஃப் – செய்யும் பழக்கம்’. ‘அபிலிட்டி டு – செய்யும் திறன்’. இந்த இரண்டிலும் தமிழ் ஒரே பெயரெச்சம் வைக்க, ஆங்கிலம் பிரிந்து போகிறது. பிள்ளை அதைத் தானே கவனித்துக் கேட்கும், கேட்கட்டும். அர்த்தம் எழுதுகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, கூட ஒரு சொல்தான். விடைத்தாளில் ‘எம்ஃபசைஸ்டு ஆன்’ என்று கண்டால் ‘தாய்மொழித் தாக்கம்’ என்று சிவப்பு மையில் கிறுக்க வேண்டாம். ‘எம்ஃபசிஸ் ஆன், ஆனால் எம்ஃபசைஸ் மட்டும்’ என்று பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அரை மார்க்கும் கொடுங்கள். பெயர்ச்சொல்லை அந்தப் பிள்ளை சரியாகத்தானே படித்திருக்கிறது.